கார்டில் எழுதிய இடியாப்பம்

எங்கள் வீட்டிலிருந்து தபாலில் போன முதல் கடிதத்தை எழுதியவள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அய்யாவும் ஆத்தாவும் கைநாட்டு வைப்பவர்கள். அக்காவுக்குப் பள்ளிக்கூடம் எந்தத் திசையில் இருக்கிறது என்பது தெரியும், அவ்வளவுதான். நான் ஒருத்திதான் நார்த்தாமலைப் பக்கத்து எங்கள் சின்ன ஊரிலிருந்து தினமும் நடந்து போய் எட்டாம் வகுப்புத் தேறினேன். தேறியதற்குக் கொடுத்த காகிதத்தை அய்யா ஒரு மூங்கில் குழாய்க்குள் சுருட்டிப் பரணில் வைத்திருந்தார். யார் வந்தாலும் இறக்கிக் காட்டுவார். சில சமயம் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காட்டுவார். நான் திருத்த மாட்டேன். பார்க்க வந்தவர்களுக்கும் எது நேர், எது தலைகீழ் என்று தெரியாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம், வைகாசியில் அக்காவைக் கறம்பக்குடியில் கட்டிக் கொடுத்தோம். நிலம் உள்ள வீடு. அக்காவும் நானும் பிறந்ததிலிருந்து ஒரே பாயில் படுத்தவர்கள். அவள் போன பிறகு பாய் எனக்கு அகலமாகப் போய்விட்டது. கலியாணமான முதல் ஆடியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து வந்து, மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப்பால் வைத்து விருந்து போட்டு, பெண்ணை மாதம் முழுக்கத் தாய்வீட்டில் வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஒரு மாதத்துக்காக நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனியில் அய்யா நேரில் போய் அழைத்தார். அக்காவின் மாமியார் பிடி கொடுக்கவில்லை. அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். நல்ல உயரம், கனத்த குரல். எங்கள் அய்யா மாட்டு வண்டியில் கல் ஏற்றுகிறவர். எந்தப் பாரத்துக்கும் அசராதவர். அன்றைக்குத் திரும்பி வந்தபோது தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஆத்தாவிடம் அத்தை சொன்னதைச் சொன்னார்.

“ஒங்க ஊரு ரேஷன்ல கோதுமதான் போடுறாங்களாமே, எங்க வீட்டுக்கு வந்த புள்ளைய ஒரு மாசம் வயித்தக் காயப்போடவா அனுப்பச் சொல்றீங்கங்குது அந்தம்மா.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் கண்மாய் இரண்டு வருஷமாக நிரம்பவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆடிக்கென்று ஆத்தா இரண்டு படி பச்சரிசியைப் பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தது எனக்குத் தெரியும். மறுநாளே தபாலாபீசுக்குப் போய் ஒரு கார்டு வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் படித்த நல்ல சொற்களெல்லாம் எட்டாம் வகுப்போடு வேலையில்லாமல் கிடந்தன. எல்லாவற்றையும் அந்தக் கார்டில் இறக்கினேன். ஆடி முதல் தேதியன்று தாங்களும் அத்தானும் அக்காவும் தவறாது எழுந்தருளி, மல்லிகை மலரைப் பழிக்கும் இடியாப்பமும் அமுதத்தை நிகர்த்த தேங்காய்ப்பாலும் அருந்தி எங்களைக் கௌரவிக்குமாறு கோருகிறேன் என்று எழுதினேன். இடம் மிச்சமிருந்ததால் ஓரத்தில் ஒரு கொடியும் வரைந்தேன்.

எட்டாம் நாள் பதில் வந்தது. அத்தான் ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் நின்றன. கார்டு கிடைத்தது, அம்மா மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்கள், ஆடி முதல் தேதி காலையில் வருகிறோம், அம்மாவும் கூட வருகிறார்கள், இடியாப்பத்தைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மருமகளை விட்டுவருவதா அன்றைக்கே கூட்டிக்கொண்டு திரும்புவதா என்று முடிவு செய்வார்களாம். இவ்வளவும் எழுதிவிட்டு, கொடி அழகாக இருந்தது என்று கீழே போட்டிருந்தார்.

நான் அதை வீட்டில் வாசித்துக் காட்டும்போது ஆத்தாவின் முகம் சரியாக இல்லை. கார்டு போய்த் திரும்புவதற்குள் ரேஷன் கடையில் ஒரு மணி அரிசி வரவில்லை. பானையிலிருந்த பச்சரிசி நாளுக்குக் கால் படியாகக் கஞ்சியில் விழுந்து, முந்தின நாள்தான் முடிந்திருந்தது. அதைக் குடித்தவர்களில் நானும் ஒருத்தி.

“வாயால சொல்லியிருந்தா மாத்திச் சொல்லிக்கலாம்,” என்றாள் ஆத்தா. “நீ மையால சொல்லிட்டயேடி.”

அந்த வாரம் கடையில் கோதுமை மட்டும்தான் அளந்தார்கள். சிவப்பு மணி, கோணி வாடை அடித்தது. எங்கள் ஊரில் அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. நெல்லும் கேழ்வரகும் கம்பும் பழகிய கைகள். ஒரு வீட்டில் முழுசாக அவித்து உப்புப் போட்டுத் தின்றார்கள். இன்னொரு வீட்டில் கோழிக்கு இறைத்தார்கள். கோழியும் யோசித்துத்தான் கொத்தியது. நான் ஆத்தாவிடம், கோதுமையும் தானியம்தான், மாவாகிற எதையும் பிழியலாம் என்று சொன்னேன். எட்டாம் வகுப்பு படித்தவள் சொல்வதில் ஏதோ இருக்கும் என்று ஆத்தாவும் நம்பினாள்.

அரிசிக்குச் செய்கிற முறையிலேயே ஆரம்பித்தோம். கழுவி, ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணிமேல் பரப்பி, ஈரம் இருக்கும்போதே உரலில் போட்டு இடித்தோம். பச்சரிசியாக இருந்தால் நாலு குத்தில் மாவு பறக்கும். கோதுமை பறக்கவில்லை. நசுங்கிப் பிசினாகி உலக்கையின் பூணைப் பிடித்துக்கொண்டது. உலக்கையைத் தூக்கினால் உரலும் கூட வரப் பார்த்தது. சல்லடையில் கொட்டினால் ஒரு துளி கீழே இறங்கவில்லை. சல்லடைக் கண்ணை ஈர்க்குச்சியால் குத்திக் குத்திச் சுத்தம் செய்யவே ஒரு பொழுது போயிற்று. எஞ்சியதை அடையாகத் தட்டித் தின்றோம். அய்யா இரண்டு அடையைத் தின்றுவிட்டு, தாடையைத் தடவிக்கொண்டே மாட்டைப் பூட்டப் போனார்.

ஈரம்தான் குற்றவாளி என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அடுத்த முறை கோதுமையை நனைக்காமல் புடைத்து, கல் பொறுக்கி, திருகையில் போட்டு அரைத்தோம். ஆத்தா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து சுற்றினோம். இந்தத் தரம் மாவு மாவாகவே விழுந்தது. சலித்ததும் செம்மண் புழுதிபோல மிருதுவாக இருந்தது. நான் வெற்றி அடைந்துவிட்டதாகவே நினைத்தேன். வறுத்த அரிசி மாவுக்கு ஊற்றுவதுபோலக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறி, பிசைந்தேன். அரிசி மாவு பிசைந்தால் குயவர் வைத்த மண்போல வைத்த இடத்தில் நிற்கும். இது இழுத்த இழுப்புக்கு வந்தது, விட்டால் திரும்ப ஓடிப் போய்ச் சுருண்டுகொண்டது.

எங்கள் வீட்டு இடியாப்பக் கட்டை வேம்பு மரத்தில் செய்தது. அடிக்கட்டையில் ஒரு குழி, குழியின் அடியில் பொடித் துளைகள் போட்ட பித்தளைத் தகடு. குழியில் மாவை வைத்து மேல்கட்டையை அதற்குள் இறக்கி, இரண்டு பக்கத்துக் கைப்பிடியையும் பிடித்து அழுத்த வேண்டும். நான் அழுத்தினேன். அசையவில்லை. ஆத்தா என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். துளைகளில் மண்புழுத் தலைபோல எட்டிப் பார்த்தது. நாங்கள் மூச்சு விட்டதும் உள்ளே போய்விட்டது. இரண்டு பேரும் எழுந்து நின்று, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டோம். ஒரு கைப்பிடி சடக்கென்று முறிந்தது. ஆத்தா தட்டின்மேல் விழுந்தாள். நான் ஆத்தாமேல் விழுந்தேன்.

பிழிந்த கொஞ்சத்தை இட்டலிக் கொப்பரையில் வைத்து அவித்தோம். இழைகளெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே உடம்பாகி விட்டன. அய்யா அதை ஒரு நுனியில் பிடித்துத் தூக்கினார். முழுசும் கூடவே வந்து தொங்கியது. இழுத்துப் பார்த்தார். அறுபடவில்லை.

“தாயி, இதுல இன்னும் நாலு மொழம் செஞ்சு குடு. வண்டியில கல்லு கட்டத் தும்புக் கயிறு தீந்துபோச்சு.”

ஆத்தா சிரிக்கத் தொடங்கினாள். அவள் சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும், கண்ணில் நீர் கொட்டும். நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும்தான் ஆடிக்கு நாலு நாள் இருப்பது ஞாபகத்துக்கு வந்தது.

ஆத்தா முடிவு செய்துவிட்டாள். இடியாப்பம் நடக்காது. கொழுக்கட்டை பிடித்து வைப்போம், சம்பந்தி மதினியிடம் நானே உள்ளதைச் சொல்லிக்கொள்கிறேன், பெற்றவள் கேட்டால் இரங்காமலா போவார் என்றாள். எனக்கு அவர் இரங்குவார் என்று தோன்றவில்லை. கார்டை மூன்று தரம் வாசிக்கச் சொன்னவர் அவர். வந்து, கொழுக்கட்டையைப் பார்த்து, அக்காவின் கையைப் பிடித்து மத்தியான பஸ்ஸுக்கு நடக்கிற காட்சி என் கண்ணில் நின்றது. நான் அந்தக் கார்டை எழுதாமல் இருந்திருந்தால் ஆத்தா கேட்டுக்கொள்ளும் இரக்கத்துக்காவது இடம் இருந்திருக்கும். மல்லிகையைப் பழித்ததால் அதற்கும் வழியில்லை. அய்யா முறிந்த கைப்பிடியை வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டையில் ஒரு துண்டு வெட்டிக் கட்டிக் கொடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்றார்.

இரண்டு நாள் கழித்து, ஆத்தா கொழுக்கட்டை எப்படி வருகிறதென்று பார்க்க உட்கார்ந்தாள். அரைத்து வைத்த மாவில் கோணி வாடை போகவே இல்லை. எங்கள் வீட்டில் எதற்கு வாடை வந்தாலும் ஆவி காட்டுவதுதான் வழக்கம். ஆத்தா மாவை அய்யாவின் பழைய வேட்டித் துண்டில் மூட்டையாகக் கட்டி, தண்ணீர் படாமல் கொப்பரைத் தட்டில் வைத்து மூடிவிட்டாள். நான் எதிர்த்தேன். மாவு வெந்துவிட்டால் பிறகு அதை எப்படிப் பிசைவது, வெந்ததை மறுபடி வேகவைக்கிற முறை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன். எங்க ஊர்ல இருக்கு என்று சொல்லிவிட்டு ஆத்தா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டாள்.

ஒரு நாழிகை கழித்து மூட்டையை இறக்கி அவிழ்த்தேன். மாவு சுண்ணாம்புக் கட்டிபோல இறுகியிருந்தது. நான் சொன்னது பலித்துவிட்டதென்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சும்மா இருக்க முடியாமல் ஒரு கட்டியை உள்ளங்கையில் வைத்து நசுக்கினேன். பொலபொலவென்று உதிர்ந்தது. வாடை போயிருந்தது, வறுத்த பயற்றின் மணம் வந்தது. சூடு ஆறுவதற்குள் எல்லாக் கட்டிகளையும் உதிர்த்துச் சலித்தேன். உப்புப் போட்ட வெந்நீரைத் தெளித்துப் பிசைந்தேன். விரலால் ஒரு குழி பறித்துப் பார்த்தேன். குழி அப்படியே நின்றது. இழுத்துப் பார்த்தேன். இழுபடாமல் பிட்டுக்கொண்டு வந்தது. அரிசி மாவேதான்.

இரும்புப் பட்டை போட்ட கட்டையை எடுத்தேன். போன தடவை பட்ட பாட்டை நினைத்து முழு பலத்தையும் போட்டேன். மேல்கட்டை வழுக்கிக்கொண்டு இறங்கியது. நான் முகம் குப்புறப் போய்க் கட்டையில் நெற்றியை இடித்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் தட்டில் இழை இழையாக விழுந்திருந்தது. மெல்லிய இழை. ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நான் கையை இன்னும் சுற்றவில்லையே, சுற்ற வேண்டுமே என்ற நினைவு வந்து, அடுத்ததை வட்டமாகச் சுற்றிப் பிழிந்தேன்.

ஆத்தா இடுப்புக் குடத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். குடத்தைக்கூட இறக்கவில்லை.

“இன்னொருக்கப் பிழி,” என்றாள்.

பிழிந்தேன். இன்னொரு தடவை என்றாள். மாவு தீரும்வரை பிழிந்து, அவித்து, எண்ணெய் தடவிய தட்டைக் கவிழ்த்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியாக, பூப்போல விழுந்தது. நிறம்தான் மல்லிகை இல்லை. ஆத்தா ஒரு இழையை எடுத்து வாயில் போட்டு, “வாட போகத்தானேடி வேக வச்சேன்” என்றாள். அவளுக்கே அது நம்ப முடியாமல் இருந்தது. இந்த இடியாப்பத்தைக் கண்டுபிடித்தது யார் என்பதில் எங்களுக்குள் இன்றுவரை வழக்குத் தீரவில்லை. முதலில் ஆவி காட்டியது தான் என்கிறாள் அவள். முதலில் கட்டையை எடுத்தது நான் என்கிறேன் நான். நடுவர் அய்யா. அவர் இரும்புப் பட்டை கட்டியவருக்குத்தான் என்று சொல்லிவிடுகிறார்.

ஆடி முதல் தேதி விடிந்தது. வீட்டிலிருந்த மிச்சக் கோதுமை முழுவதும் முந்தின நாளே அரைபட்டு, ஆவி காட்டி, சலித்துத் தயாராக இருந்தது. மணமேல்குடிப் பக்கத்திலிருந்து கருவாடும் தேங்காயும் கொண்டுவருகிற வியாபாரியிடம் அய்யா நாலு நல்ல காய் சொல்லி வைத்து வாங்கியிருந்தார். நான் தேங்காயைத் துருவி, அம்மியில் வைத்து ஓட்டி, முதல் பாலைத் தனியாகவும் இரண்டாம் பாலைத் தனியாகவும் பிழிந்தேன். சர்க்கரைக்குப் பங்கீடு; அதனால் கருப்பட்டியை இளக்கி வடிகட்டி, இரண்டாம் பாலில் கலந்து லேசாகச் சூடாக்கி, இறக்கிய பிறகு முதல் பாலை ஊற்றி ஏலம் தட்டிப் போட்டேன். முதல் பாலை அடுப்பில் வைத்தால் திரிந்துவிடும். ஆத்தா தொட்டுக்கொள்ளக் கோசமல்லி செய்தாள். கத்தரிக்காயை அவித்துத் தோலை உரித்துக் கையால் மசித்து, புளி கரைத்து ஊற்றி, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கிப் போட்டுத் தாளித்தாள். கூடவே வரமிளகாயும் தேங்காயும் வைத்து ஒரு துவையல். இனிப்புக்கு ஒன்று, காரத்துக்கு இரண்டு.

காலை பஸ் வரவில்லை. பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸெல்லாம் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப் புகையில்தான் ஓடின. மேடு வந்தால் நின்றுவிடும். இடியாப்பத்தைப் பிழிந்து வைத்தால் காய்ந்துவிடும் என்று மாவை உருட்டி ஈரத் துணி போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். நான் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஆத்தா என் கையைத் தட்டிவிட்டாள்.

பத்து மணிக்கு மேல் அய்யா ரோட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, வாராங்க என்றார். முன்னால் அத்தை. முகத்தில் ஒரு பக்கம் கரி. பின்னால் அத்தான், சட்டை நனைந்து, இரண்டு மேட்டில் பஸ்ஸைத் தள்ளிவிட்ட களைப்பில். கடைசியாக அக்கா. அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று எழுந்தேன். அத்தை இருந்ததால் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

“வாங்க மதினி,” என்று ஆத்தா கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள்.

“தண்ணி கெடக்கட்டும். எங்க அந்த மல்லியப்பூ?” என்றார் அத்தை.

இலை போட்டோம். நான் பிழிந்தேன், ஆத்தா அவித்தாள், அக்கா பரிமாற வந்தாள். கொப்பரை மூடியைத் திறந்ததும் அதன் நிறத்தைப் பார்த்து, “கோதுமையா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் சொல்றேன் என்றுவிட்டு இலைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அத்தை இலையில் விழுந்ததைக் குனிந்து பார்த்தார். ஒரு விரலால் இழையைப் பிரித்தார். அய்யா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மல்லியப்பூன்னு எழுதியிருந்துச்சு. இது காஞ்ச மகிழம்பூ நெறத்துலல்ல இருக்கு.”

நான் சமையலறையிலிருந்து வெளியே வந்தேன். பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொன்னாலும் அந்த நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

“அரிசி இல்லைங்க அத்தை. எழுதுறப்ப இருந்துச்சு. இது கோதுமைதான். மகிழம்பூவுக்குக் காஞ்சாலும் வாசம் போகாது, சாப்பிட்டுப் பாருங்க.”

அத்தை என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். தேங்காய்ப்பாலை ஊற்றச் சொன்னார். பிசைந்து ஒரு வாய் வைத்தார். இரண்டாவதைக் கோசமல்லியோடு சாப்பிட்டார். அத்தான் அதற்குள் ஐந்தாவதில் இருந்தார். அவர் பக்கம் யாரும் பார்க்கவில்லை. மூன்றாவதும் போனது. நாலாவதுக்கு அத்தை இலையை விட்டுக் கையை எடுக்காமல், இன்னும் ரெண்டு வை என்றார். சாப்பிட்டு முடித்து, இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டுத்தான் பேசினார்.

“எங்க வீட்டுலயும் ஒரு கோணிக் கோதுமை கெடக்குது.”

அத்தை சொல்லிக்கொண்டு போனார். கண்டுமுதல் ஆன நெல்லில் பெரும் பங்கைச் சர்க்கார் கொள்முதலுக்கு அளந்தாகிவிட்டது. வைகாசியிலிருந்து அவர்களும் ஒரு வேளைக்குக் கோதுமைக் களிதான் கிண்டுகிறார்கள். அதைக் கிண்டுவது எங்கள் அக்கா. நிலக்காரர் வீடு என்று பெண்ணைக் கொடுத்தவர்களிடம், இவள் போய், அங்கே களி தின்கிறோம் என்று சொல்லிவிட்டால் முகத்தை எங்கே வைப்பது என்றுதான் ஆடிக்கு அனுப்ப மனம் வரவில்லையாம். அய்யாவிடம் சொன்னதெல்லாம் தன் வீட்டுக் கோதுமையை மறைக்கச் சொன்ன பேச்சு. அக்கா சிரித்ததன் காரணம் அப்போது எனக்கு விளங்கியது. அத்தானைப் பார்த்தேன். அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதில் மிகவும் கவனமாக இருந்தார்.

அய்யா தூணை விட்டுவிட்டு உட்கார்ந்தார். ஆத்தாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து அத்தையும் சிரித்துவிட்டார். அவர் சிரிப்புக்குச் சத்தம் உண்டு, அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அத்தை எழுந்து கை கழுவிக்கொண்டே, இவளைச் சாயங்கால பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன், நாளைக்கே இதை அங்கே பிழியச் சொல்ல வேண்டும், ஒரு கோணியும் வீணாகிறது என்றார். நன்றாக வராவிட்டால்தான் அக்கா போய்விடுவாள் என்று பயந்திருந்தேன். நன்றாக வந்ததற்கும் போய்விடுவாள் போலிருந்தது. அக்காவின் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுவிட்டது.

“அக்காவுக்கு இது தெரியாதுங்க அத்தை,” என்றேன். “அவ போன பிறகு வந்த வித்தை இது. நான் எழுதித் தாரேன். அத்தான் வாசிக்கட்டும், நீங்களே பிழிஞ்சிரலாம்.”

“எழுத்த வச்சு மாவு பெசைய முடியுமா?”

“கார்டுல போன எழுத்த வச்சுத்தானே அத்தை நீங்க இங்கிட்டு வந்தீங்க.”

ஆத்தா என்னைப் பின்னாலிருந்து கிள்ளினாள். அத்தைக்குக் கோபம் வரவில்லை. எழுது பார்க்கலாம் என்று என் எதிரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் கார்டை எழுதியதைவிட இதை எழுதுவது கஷ்டமாக இருந்தது. பூவும் அமுதமும் எதற்கும் உதவவில்லை. எவ்வளவு நேரம் ஆவி காட்டுவது என்பதை எப்படிச் சொல்வது? ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம்போல இரண்டு என்று ஆத்தா சொன்னாள், அப்படியே எழுதினேன். தண்ணீர் எவ்வளவு? கையில் ஒட்டாத அளவு. கோதுமையை நனைக்கவே கூடாது என்பதன் கீழே கோடு போட்டேன். முடித்ததும் அத்தை, தன் மகனை வாசிக்கச் சொன்னார். அவர் எழுத்துக் கூட்டி வாசிக்க வாசிக்க, அத்தை கண்ணை மூடிக்கொண்டு காற்றில் கையை வைத்து மாவை உதிர்த்தார், சலித்தார், பிசைந்தார். திடீரென்று கண்ணைத் திறந்தார்.

“உப்பு எங்க?”

நான் உப்பை எழுதவில்லை. இவ்வளவு பெருமை பேசுகிறவள் உப்பை விட்டுவிட்டேன். காகிதத்தை வாங்கி, வெந்நீர் என்பதற்கு முன்னால் இடுக்கில் உப்புப் போட்ட என்று நுழைத்தேன். அத்தை மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். மூன்று தரம் ஆனதும் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்து, “ஆடி முடியட்டும், வந்து கூட்டிக்கிறேன்,” என்றார்.

சாயங்காலம் பஸ் ஏற இரண்டு பேர்தான் போனார்கள். ரோடு வரைக்கும் போய் அனுப்பிவிட்டு, அக்காவும் நானும் ஓடியே வீட்டுக்கு வந்தோம். மீந்த இடியாப்பத்தை உதிர்த்து, கடுகு, உளுந்து, வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, சட்டியிலிருந்தே இரண்டு பேரும் எடுத்துத் தின்றோம். வைகாசியிலிருந்து அவள் சொல்ல முடியாமல் வைத்திருந்த களிக் கதையெல்லாம் வெளியே வந்தது. ஆத்தா கொல்லையில் எதையோ செய்வதுபோல நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பாய் மறுபடி சின்னதாகிவிட்டது.

பதினைந்து நாளில் கறம்பக்குடியிலிருந்து ஒரு கார்டு வந்தது. அதே உயரம் தப்பிய எழுத்து. அம்மா பிழிந்தார்கள், முதல் நாள் சரியாக வரவில்லை, தட்டில் எண்ணெய் தடவ வேண்டுமென்று எழுத மறந்துவிட்டாயாம், இரண்டாம் நாள் வந்துவிட்டது, இப்போது தெருவில் பல வீட்டுக்கு அம்மாதான் சொல்லித் தருகிறார்கள், காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பதுபோலவே சொல்கிறார்கள் என்று இருந்தது. கடைசி வரி அத்தை சொல்லி எழுதியது. ஆவணி முதல் தேதி வருகிறேன், அன்றைக்கும் இடியாப்பம் இருக்குமா?

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, நல்லா நாலு வரி எழுது என்றாள். நான் கார்டை எடுத்தேன். இந்தத் தரம் பூவும் போடவில்லை, கொடியும் வரையவில்லை. ரேஷனில் என்ன வருமோ தெரியாது அத்தை, எது வந்தாலும் பிழிந்து வைக்கிறோம் என்று எழுதினேன். எழுதியதை ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, தட்டில் எண்ணெய் தடவி என்று சேர்த்தேன்.